தந்தப்பெட்டிக்கு ஒரு ஸ்கேன்

"யாரோட அஸ்திம்மா?" என்று பக்கத்து நாற்காலிக்காரி குரலைத் தணித்துக் கேட்டபோது எப்சிபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, சிரிக்கக்கூடிய இடமா இது, ஸ்கேன் சென்டரின் வரவேற்பறை, சுற்றிலும் நைட்டிக்கு மேல் துண்டு போட்டவர்களும் கையில் ஊசி சொருகி பிளாஸ்திரி ஒட்டியவர்களும், இருந்தாலும் அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல முடியாது, ருக்மாங்கதன் சார் பெட்டியை வெள்ளை மல் துணியில் சுற்றி மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, ஏசி குளிரில் கண் கலங்கி, இப்போதுதான் மயானத்திலிருந்து நேராக வந்தவர் மாதிரிதான் இருந்தார். "அஸ்தியா? அம்மா, இது தந்தப்பெட்டி. ஷாஜஹான் காலத்துது. மியூசியத்துலேர்ந்து எடுத்துட்டு வந்திருக்கோம்" என்று அவர் மானம் போன குரலில் சொன்னார். அந்த அம்மாள் அசரவில்லை. "அதுக்கு என்னா உடம்புக்கு?" என்றாள். "மூடியில விரிசல் விட்டிருக்கு. மேலாப்புல விட்டிருக்கா, உள்ள வரைக்கும் போயிருக்கான்னு வெளியிலேர்ந்து பார்த்தா தெரியாது. உள்ள மரக்கூடு இருக்கு, அதைப் பூச்சி அரிச்சிருந்தாலும் தெரியாது. அதான்." அவள் துணிமூட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாவம்" என்றாள். தன் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகத்தில் கல் என்றும் ராத்திரியெல்லாம் துடித்தார் என்றும் சொன்னாள். பிறகு எப்சிபாவைப் பார்த்து, "நீ கூட வந்தவளாம்மா?" என்று கேட்க, எப்சிபா, "ஆமாக்கா, கூட வந்தவதான்" என்றாள். பொய் எவ்வளவு லேசாக வந்துவிடுகிறது.

கூட வந்தவள்தான், இப்போதைக்கு. காலையில் இதே இடத்தில், அதோ அந்த மீன்தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில், யாரும் கூட இல்லாமல் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். முழுக்கைச் சட்டைக்குள் முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருக்கிறது, மடக்கினால் சுருக்கென்கிறது, மியூசியத்தில் அவளுக்கு மேலதிகாரியான சார் பார்த்துவிடக் கூடாது என்று அந்தக் கையை நீட்டியே வைத்திருக்கிறாள், நீட்டியே வைத்திருந்தால் இன்னும் சந்தேகம் வருமோ என்று மடக்குகிறாள். பெட்டிக்காக இந்த சென்டரில் பேசி ஏற்பாடு செய்தது அவள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மெஷின் சும்மா இருக்கும், அப்போது கொண்டு வாங்க என்று டாக்டர் நஸ்ரின் ஒப்புக்கொண்டபோது, போனை வைப்பதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டாக்டர், எனக்கும் ஒண்ணு எடுக்கணும்" என்று சொன்னதும் அவள்தான். அவள் சொன்னாளா, அவள் வாய் சொன்னதா. அதற்கு முந்தின வாரம் வயிற்றில் என்னவோ பிசைகிறதே, வாயுவாக இருக்கும் என்று தெருமுனை கிளினிக்கில் அல்ட்ராசவுண்டுக்குப் படுத்தாள். பசை தடவிய கருவியை அந்தப் பெண் டாக்டர் வயிற்றில் ஓட்டிக்கொண்டே நர்ஸிடம் மகனுடைய பள்ளிக்கூட வேன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். வேன் பேச்சு பாதியில் நின்றது. கருவி திரும்பி வந்தது. வலது விலாவுக்குக் கீழே ஒரே இடத்தில் நின்று அழுத்தியது. "கல்லீரல்ல ஒரு நிழல் தெரியுது. கட்டியா இருக்கலாம். ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். சி.டி. எடுத்துப் பாத்துடுங்க." இருக்கலாம். எப்சிபா அந்த வார்த்தையைப் பிழைப்பாகக் கொண்டவள். 'நகைப்பெட்டியாக இருக்கலாம். தாம்பூலப்பெட்டியாகவும் இருக்கலாம்.' கண்ணாடிக் கூண்டுக்குள் வைக்கிற விவரப் பலகைகளில் எத்தனை முறை எழுதியிருக்கிறாள், எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போயிருக்கிறாள், அந்த வார்த்தைக்குள் ஒரு ஆள் விழுந்து எழ முடியாமல் கிடக்கலாம் என்று தோன்றியதே இல்லை.

அப்பாவும் இந்த வார்த்தைக்குள்தான் விழுந்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவர், கடல் வரைபடம் என்றால் அவருக்குக் குடும்பப் படம் மாதிரி. தன் கல்லீரலின் ஸ்கேன் பிலிமை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "இது மணப்பாடு முனை மாதிரி இருக்கு பாரு. இது மன்னார். இது இலங்கை. இந்த ஓரத்துல சின்னதா கெடக்கே, இதுக்குத்தான் பேரு தெரியல." அம்மா புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அப்பா சிரித்தார், சிரித்தபோது அவர் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்ததை அவள் அன்றுதான் கவனித்தாள், பழைய தந்தத்தின் மஞ்சள், இல்லை, அப்படி நினைக்கக் கூடாது, தந்தத்தின் மஞ்சள் ஆரோக்கியமான மஞ்சள், வெளிச்சமும் கை எண்ணெயும் பட்டுப் பட்டு வந்தது, அப்பாவுடையது வேறு. அந்த வருஷ மழைக்கு அப்பா இல்லை. ஆகவே தெருமுனை கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் செய்தது கண்ணாடி முன்னால் நின்று கீழ் இமையை இழுத்துப் பார்த்ததுதான். அவள் வீட்டுக்காரர் ஆசீர் பின்னால் வந்து, "கண்ணுல தூசியா?" என்றார். "ஆமா அத்தான்." ஊதுகிறேன் என்று ஊதினார். குரோம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள், ஆனால் சொந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரைத் தலைகீழாகப் படிப்பார். அவள் தங்கை பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது நடைபாதையில் மயங்கி விழுந்து, குழந்தை பிறப்பதற்கு முன்னால் அவருக்குத்தான் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவரிடம் 'இருக்கலாம்' என்று சொல்ல முடியாது. 'இருக்கு' என்றோ 'இல்லை' என்றோ சொல்லலாம். அதுவரை தூசிதான்.

"சார், நான் கொஞ்சம் வச்சிக்கட்டுமா?" என்று கேட்டாள். ருக்மாங்கதன் தயங்கி, கை மரத்துப்போயிருக்க வேண்டும், பெட்டியை அவள் மடிக்கு மாற்றினார். கனமே இல்லை. துணிக்கு மேலேயே விரல் பூக்களைக் கண்டுபிடித்துவிடும் அவளுக்கு. பெட்டியின் நான்கு சுவரிலும் வரிசையாக வளைவுகள், ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரே ஒரு செடி, வேரோடு சேர்ந்த மண்திட்டிலிருந்து எழும்பி நிற்கிறது. கசகசாப்பூ, ஐரிஸ், லில்லி, மறுபடி கசகசாப்பூ. ஒன்றின் மேல் ஒன்று விழாமல், ஒன்றை ஒன்று பார்க்காமல், ஒவ்வொன்றும் தன் வளைவுக்குள் தனியாக. இந்த அறையில் நாற்காலிகளில் இருக்கிறவர்கள் மாதிரி, என்று தோன்றியது, தோன்றியதும் பிடிக்கவில்லை. செதுக்கியவன் ஒவ்வொரு இலையிலும் நரம்பு வைத்திருக்கிறான். நுனி இலை கொஞ்சம் திரும்பியிருக்கும், காற்று இந்தப் பக்கமாக வந்தது என்று சொல்கிற மாதிரி. இதழ்களின் பள்ளத்தில் இன்னும் எங்கோ துளி சிவப்பு ஒட்டியிருக்கிறது, அரக்குச் சாயம். அந்தச் சிவப்பைத் தொடாமல் அதைச் சுற்றியிருந்த அழுக்கை எடுக்க அவளுக்கு மாதக்கணக்கில் ஆனது. தண்ணீர் ஆகாது, தந்தம் குடித்துவிட்டு உப்பும், காய்ந்ததும் வெடிக்கும். எச்சில்தான் நல்லது. பஞ்சை மெல்லிய குச்சியில் சுற்றி நாக்கில் தொட்டு, ஒரு இதழுக்கு ஒரு பஞ்சு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், உலகம் முழுக்க இதுதான் வழி என்று அவள் சொல்வாள். யானையின் பல்லை மனுஷியின் எச்சில் கழுவுகிறது, அதில் என்ன கூச்சம். ஆனால் நிழல் தெரிந்த மறுநாள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து பஞ்சை வாய்க்குக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்திவிட்டாள். நாக்கில் ஏதோ கசந்தது. கசந்ததா, கசக்கும் என்று நினைத்ததால் கசந்ததா. இந்த எச்சில் எங்கிருந்து வருகிறது, எதையெல்லாம் தொட்டுவிட்டு வருகிறது. படித்தவள், ரசாயனம் படித்தவள், எச்சிலுக்கும் கல்லீரலுக்கும் இந்த வழியில் சம்பந்தம் கிடையாது என்று தெரியும், தெரிந்தும் கை எழவில்லை, அந்தப் பூவின் மேல் தன்னை வைக்க மனம் வரவில்லை. அன்று முழுவதும் லென்ஸ் வழியாக விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியின் ஓரத்தில் தொடங்கி ஒரு கசகசாப்பூவின் தண்டுக்குக் குறுக்கே ஓடி, மொட்டுக்கு முன்னால் நிற்கிறது. நிற்கிறதா, உள்ளே இறங்குகிறதா. அது உள்ளே போயிருந்தால், மரம் ஒரு பக்கம் இழுக்க, தந்தம் ஒரு பக்கம் இழுக்க, என்றாவது ஒரு நாள் யாரும் தொடாமலே அப்பளம் மாதிரி இரண்டாகிவிடும், அதற்கு முன்னால் பூக்களைப் பலகை பலகையாகக் கழற்றியெடுக்க வேண்டியிருக்கும், கழற்றினால் திரும்ப அப்படியே பொருந்தும் என்று யாரும் கையடித்துச் சொல்ல முடியாது.

"பெட்டி! பெட்டி யாரு?" என்று உள்ளேயிருந்து ஒருவர் கூப்பிட்டார். அறையே திரும்பிப் பார்த்தது. ருக்மாங்கதன் எழுந்த வேகத்தில் செருப்பு கழன்றது. கல் வலிக்காரரின் மனைவி, "நல்லபடியா போயிட்டு வாங்க" என்றாள், அவள் நிஜமாகத்தான் சொன்னாள். உள்ளே குளிர். காலையில் எப்சிபா படுத்த அதே கட்டில், அதே வளையம், பக்கத்து ஸ்டாண்டில் அவளுக்கு மருந்து ஏற்றிய அதே பம்ப். மருந்து உள்ளே போனதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை வெந்நீர் இறங்கின மாதிரி ஒரு சூடு, வாயில் பழைய நாணயத்தின் ருசி, ஐயோ படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டதோ என்று பதறிக் கால்களை இறுக்கினாள், எல்லாருக்கும் அப்படித்தான் தோணும், ஒண்ணும் ஆகலை என்று டெக்னீஷியன் ஸ்பீக்கரில் சொன்னார், அந்த 'ஒண்ணும் ஆகலை'யை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், அது வேறு எதற்கோ சொன்னது என்று தெரிந்தும். இப்போது அந்தக் கட்டிலில் ஸ்பாஞ்சு வைத்துப் பெட்டியைக் கிடத்தினார்கள். துணி விலகியது. டெக்னீஷியன், "அட" என்றார். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார், தொடப்போவதில்லை என்றாலும். எல்லாரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்ததும் கட்டில் நகர்ந்தது, வளையத்துக்குள் பூக்கள் போயின, அப்போது மெஷினுக்குள் பதிவு செய்து வைத்திருந்த பெண் குரல் வழக்கப்படி பேசியது: "மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள். அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்." டெக்னீஷியன் அசடு வழிந்து, "அதை ஆஃப் பண்ண மறந்துட்டேன்" என்று சொல்லித் திரும்பினால், ருக்மாங்கதன் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்சிபாவும் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறோம் என்று நினைத்தாள், இன்றைக்கா, போன வாரமா. "மூச்சை விடலாம்" என்றது குரல். விட்டார்கள்.

டாக்டர் நஸ்ரின் திரையில் பெட்டியைக் குறுக்காக, நெடுக்காக, ரொட்டி வெட்டுகிற மாதிரி வெட்டிக் காட்டினார். வெள்ளையாகத் தந்தம், அதற்குள்ளே சாம்பல் நிறத்தில் மரம், மரத்தின் ரேகைகள்கூடத் தெரிந்தன. "நீங்கதான் இதையெல்லாம் எனக்குச் சொல்லணும், எனக்கு மனுஷங்களைத்தான் தெரியும்" என்றார். எப்சிபா விரிசலைத் தேடினாள். இதோ. ஒரு மயிரிழை. மேலே தொடங்கி, கொஞ்ச தூரம் இறங்கி, தந்தத்தின் பாதியில் மெலிந்து மெலிந்து இல்லாமல் போனது. மரத்தைத் தொடவே இல்லை. மரம் முழுசாக இருந்தது, ஒரு பூச்சித் துளைகூட இல்லை, அடைத்து வைத்த இருட்டில் இத்தனை காலமும் யாரும் பார்க்காமல் முழுசாக. "மேலாப்புலதான் சார்" என்றாள். "நிச்சயமா?" "நிச்சயமா. கழற்ற வேண்டாம். ஒண்ணுமே பண்ண வேண்டாம். காத்து ஈரத்தை மட்டும் ஒரே சீராப் பாத்துக்கிட்டா போதும்." ருக்மாங்கதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், பெட்டிக்கு முன்னால் லேசாகக் கை கூப்பினாரோ என்னவோ, அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். அவர் பெட்டியை மூட்டை கட்டி வெளியே தூக்கிப் போனார், மியூசிய இயக்குநருக்கு போன் பண்ணணும், எல்லாரும் காத்திட்டிருப்பாங்க என்று சொல்லிக்கொண்டே. எப்சிபாவும் எழுந்தாள். "நீங்க இருங்க" என்றார் டாக்டர். கதவு தானாக மெதுவாகச் சாத்திக்கொள்கிற வகை, அவள் வாழ்நாளில் பார்த்த எந்தக் கதவையும்விட மெதுவாகச் சாத்திக்கொண்டது. பெட்டிக்கு நல்லது வந்துவிட்டதே, ஒரே நாளில் ஒரே மெஷினில் இரண்டு நல்லது கொடுப்பாரா ஆண்டவர், பங்கு முடிந்துவிட்டிருக்குமோ, பெட்டிக்கு வந்ததை எனக்கு வாங்கியிருக்கலாமோ, சீ, என்ன நினைப்பு இது, ஆண்டவர் என்ன ரேஷன் கடையா வைத்திருக்கிறார், ஆனாலும் ஒரு கணம் அந்தப் பூக்களின் மேல் பொறாமை எரிந்தது உண்மை, முழுசான மரத்தின் மேல்.

"முகம் ஏன் இப்படி இருக்கு? உங்களுக்கும் ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர் நஸ்ரின். எப்சிபாவுக்கு 'உங்களுக்கும்' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. "என்ன டாக்டர்?" "ஹெமாஞ்சியோமா. ரத்தக்குழாய் முடிச்சு. பொறக்கும்போதே இருந்திருக்கும். நிறைய பேருக்கு இருக்கு, தெரியாமலே வாழ்ந்துட்டுப் போறாங்க." "அப்படி இருக்கலாம்னு சொல்றீங்களா?" "இருக்கலாம் இல்லம்மா. அதேதான். இங்க பாருங்க, மருந்து ஓரத்துலேர்ந்து மெதுவா உள்ள நிரம்பிக்கிட்டு வருது. இது இப்படித்தான் நிரம்பும், மத்தது இப்படி நிரம்பாது." அவள் பார்த்தாள். நாள் பூராவும் இதழ்களையும் இலை நரம்புகளையும் பார்த்துப் பழகிய கண், அங்கே ஒரு பூவைத் தேடியிருக்க வேண்டும். பூவெல்லாம் இல்லை. ஒழுங்கில்லாத ஒரு சாம்பல் கறை, ஓரத்தில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக, மேஜையில் பால் சிந்தின மாதிரி, கொஞ்சம் அசிங்கமாகக்கூட இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அவ்வளவு பிரியமாக இருந்தது. அவளோடு பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, கல்யாணம் பண்ணிக்கொண்டது, ஒரு தொந்தரவும் கொடுக்காமல் இருந்த இடம் தெரியாமல் இருந்தது, பெயர் இருக்கிறது அதற்கு. "ஆபரேஷன்?" "ஒண்ணும் வேண்டாம். கொஞ்ச மாசம் கழிச்சு ஒரு அல்ட்ராசவுண்ட் பாத்துக்கலாம். அந்த வயித்துப் பிசைவு வாயுதான், வேளைக்குச் சாப்பிடுங்க. இன்னிக்குச் சாப்பிட்டீங்களா?" இல்லை என்று தலையாட்டினாள். "போய்ச் சாப்பிடுங்க முதல்ல" என்று டாக்டர் அதட்டினார். அந்த அதட்டல், அம்மா அதட்டுகிற மாதிரி, அதுதான் உடைத்துவிட்டது. அப்பா, இதுக்குப் பேரு தெரிஞ்சிட்டுப்பா. வெளியே வரும்போது கண் முழுக்க நீர், தரை எங்கே சுவர் எங்கே என்று தெரியவில்லை, மீன்தொட்டி மட்டும் ஆரஞ்சாகக் கலங்கித் தெரிந்தது.

ருக்மாங்கதன் போனைப் பையில் போட்டுக்கொண்டே வந்தார். "என்னம்மா எப்சி, பெட்டிக்குத்தான் ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சு போச்சே, இன்னும் எதுக்கு அழுகை?" என்று சொன்னவருக்கே குரல் தழுதழுத்தது. "எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு. ராத்திரி பூராத் தூக்கமில்ல. ஷாஜஹான் காலத்துலேர்ந்து தப்பிச்சு வந்தது நம்ம கையில உடைஞ்சிடக் கூடாதேன்னு..." அழுதுகொண்டே அவள் சிரித்தாள். "எனக்கும் எடுத்தாங்க சார். காலையில. கல்லீரல்ல ஒரு நிழல் இருந்துச்சு. ஒண்ணுமில்லையாம்." அவர் பார்த்தார். அவளை, அவள் கையை, சட்டைக்கு மேல் லேசாகப் புடைத்திருந்த பஞ்சை. "இவ்வளவு நேரம் நான் மரம் தந்தம்னு உங்கிட்ட..." என்று தொடங்கி முடிக்காமல், "பட்டினியாவா இருக்கே?" என்றார். கல் வலிக்காரரின் மனைவி அதற்குள் தன் பையைத் துழாவி ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து எப்சிபாவின் கையில் திணித்தாள். "கூட வந்தவன்னு சொன்னே" என்றாள், கோபமாக. எப்சிபா நின்றபடியே ஒன்றை முழுசாக வாயில் போட்டாள். கசப்பு எதுவும் இல்லை. தித்திப்பு, மாவு, உப்பு, கன்னத்தின் உட்புறமெல்லாம் எச்சில் சுரந்தது.

படிக்கட்டுக்குப் போய் ஆசீரைக் கூப்பிட்டாள். வகுப்பு நேரத்தில் கூப்பிடவே மாட்டாள், முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். "என்ன எப்சி, என்ன ஆச்சு?" பின்னால் கரும்பலகையில் டஸ்டர் தேய்கிற சத்தம், யாரோ சூத்திரம் ஒப்பிக்கிற சத்தம். இனி தூசி வேண்டாம். "அத்தான், பயப்படாம கேளுங்க. நான் ஸ்கேன் எடுத்தேன். வயித்துல. அப்பாவுக்கு வந்த மாதிரி இருக்குமோன்னு பயந்து போய்ட்டேன். அது இல்ல. டாக்டர் அடிச்சுச் சொல்லிட்டாங்க, ஒண்ணுமே இல்ல." மறுபக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. மயங்கி விழுந்துவிட்டாரோ என்று அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தாள். "அத்தான்? இருக்கீங்களா?" ஒரு பெருமூச்சு போனையே நனைக்கிற மாதிரி வந்தது. பிறகு அவர் குரல், அவளிடம் இல்லை, போனை எங்கோ தள்ளி வைத்துக்கொண்டு, உடைந்து, ஆனால் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி: "எல்லாரும் புக்கை மூடுங்க. போங்க. கிரவுண்டுக்குப் போய் வெளையாடுங்க." "சார், நெஜமாவா சார்?" "போங்கடான்னா." ஒரு விநாடி யாரும் நம்பவில்லை. அப்புறம் பெஞ்சுகள் இழுபட, காலடிகள் இடிக்க, வகுப்பு முழுவதும் ஒரே கூச்சலாகக் கதவைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, வெயிலுக்குள் ஓடிய சத்தம் போன் வழியாக வந்தது, எப்சிபா படியில் உட்கார்ந்து, அந்தச் சத்தம் ஓயும் வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.